வெயில்காரர் வீட்டுக் கடிகாரம்

திருச்சி வெயிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அதற்கு நன்றியும் சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஃபிளாட்டின் முதல் மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தார்.

நாமெல்லாம் பங்குனி முடிவதற்கு முன்பே வெயிலைத் திட்டத் தொடங்கி, ஆடிக் காற்று வரைக்கும் அதே வசவில் குடும்பம் நடத்துகிறவர்கள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் முட்டுச்சந்தில், மே மாதம் காலை பத்து மணிக்கு மேல் வெளியே தெரிகிற ஜீவன் வேப்பமரத்தடியில் தேய்க்கும் இஸ்திரி முருகேசன் மட்டும்தான். அவருக்கும் வேறு வழி இல்லை. அப்படிப்பட்ட சந்தில் ஒரு நாள் உச்சி வேளையில், தொப்பி போட்ட ஆறடி மனிதர் ஒருவர் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இறங்கிவந்து, பக்கத்துக் காலி மனையில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அண்ணாந்து பார்த்து, 'ஆஹா' என்றார்.

அவருக்குப் பெயர் உண்டு. எங்கள் சந்தில் யாராலும் அதை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் மூச்சு வாங்கியது. முருகேசன்தான் பார்த்த மாத்திரத்தில் 'வெயில்காரர்' என்று பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

அவருடைய ஊர் ஹாலந்து. மனைவி துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏதோ பெரிய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க வந்த எஞ்சினியர். காலை ஏழரைக்குக் கார் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகும். வெயில்காரர் வீட்டையும், ஆறு வயசு லாராவையும், நாலு வயசு பிம்மையும் பார்த்துக்கொள்வார். கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் தெருவில் இறங்கி யாரோடும் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"அம்மையீர், வணக்கம். இன்று வெயில் மிகவும் சிறப்பாக உள்ளது" என்றார் முதல் நாள் என்னிடம்.

வெயில் சிறப்பாக இருக்கிறது என்று ஒரு மனிதர் சொல்லி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. "உங்க புண்ணியம்" என்று சொல்லிவைத்தேன்.

அவர்கள் ஊரில் வெயில் என்பது எப்போதோ வந்து நிற்காமல் போய்விடுகிற விருந்தாளியாம். வந்துவிட்டால் யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஆபீசில் இருந்தால் சீக்கிரம் கிளம்ப வேண்டும், வீட்டில் இருந்தால் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வர வேண்டும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வெயில் நாளில் கதவைச் சாத்தி உட்கார்ந்திருப்பவர்களை அங்கே யாரும் நல்ல பெற்றோர் என்று மதிப்பதில்லையாம். அந்தக் கணக்கில் பார்த்தால் திருச்சி ஜில்லாவில் நல்ல பெற்றோர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது.

முதல் வாரம் காற்றடைத்த நீலத் தொட்டி ஒன்றைக் காலி மனையில் வைத்து, ரப்பர் குழாயை இழுத்துவந்து தண்ணீர் விட்டார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலை விட்டவர் துள்ளி வெளியே குதித்தார். திட்டப்போகிறார் என்று நான் ஜன்னலில் காத்திருந்தேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக முருகேசனைக் கூப்பிட்டு, "வெந்நீர்! இலவசமாக!" என்றார். பிறகு அரைமணி நேரம் அந்தத் தண்ணீர் ஆறுவதற்காக மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

இரண்டாம் வாரம் வாளி, மண்வெட்டி, துண்டு சகிதம் காவிரியில் குளிக்கக் கிளம்பினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"ஐயா, நதி எங்கே உள்ளது?" என்று வெயில்காரர் முருகேசனிடம் கேட்டார்.

"ஜூன்ல மேட்டூர் தொறப்பாங்க. அப்பறம் வருங்க."

"நதி விடுமுறையில் சென்றுள்ளதா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

வெயில்காரர் கொஞ்சமும் தளரவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, இவ்வளவு மணல் இருக்கிறதே என்று மறுபடியும் போனார். சுடுமணலில் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது என்று ஈரச் சாக்குகளை வரிசையாகப் போட்டுப் பாதை அமைத்தார். சாக்கு காய்வதற்குள் ஓடித் தண்ணீர் தெளித்தார். பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்து கோட்டை கட்டினார்கள். அப்பா மட்டும் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் அஜாக்கிரதை என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே வருவதற்கு முன் இரண்டு பேருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒரு க்ரீமை அப்பிவிடுவார். வெண்ணெய்க் காப்பு சாத்திய ஆஞ்சநேயர் போல அதுகள் வந்து நிற்கும். காலில் செருப்பும் கிடையாது. வெயில் காலத்தில் குழந்தைகள் வெறுங்காலோடு நடப்பதுதான் அவர்கள் ஊர் வழக்கமாம்.

உடம்பெல்லாம் வெள்ளை, வெறுங்கால், உச்சி வெயில். எதிர்வீட்டுக் கோமளா மாமிக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"அது வேண்டுதல்டி" என்றாள் மாமி என்னிடம். "யாருக்கோ உடம்பு சரியில்லே. பெருமாள்ட்ட நேர்ந்துண்டு கொழந்தேளோட வெயில்ல நிக்கறார். என்ன பக்தி பாரு! நம்மாத்துல யாருக்காவது வருமா?"

"மாமி, அவருக்கு வெயில் பிடிக்குமாம்."

"வெயில் பிடிக்குமா? ஏண்டி, எனக்கென்ன பைத்தியமா நம்பறதுக்கு?"

மறுநாளே பன்னிரண்டேகாலுக்கு ஒரு கூஜா நிறைய நீர்மோர், பெருங்காயம் கறிவேப்பிலை தட்டிப்போட்டு, மாமியே குடை பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். வேண்டுதல் பண்ணுகிறவர்களுக்குத் தாகம் தீர்த்தால் பாதிப் புண்ணியம் நமக்கு. வெயில்காரர் எழுந்து நின்று, குனிந்து வணங்கி, பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தானும் குடித்தார். வெயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு நீர்மோர் கொண்டுவந்து தருவது இந்த ஊர் மரியாதை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இவ்வளவு மரியாதை செய்கிறவர்களைக் காக்கவைக்கக் கூடாது அல்லவா? அன்றிலிருந்து பன்னிரண்டேகாலுக்கு ஒரு நிமிஷம் பிசகாமல் காலி மனையில் ஆஜரானார்.

ஒரு நாள் அவருக்கு நல்ல ஜலதோஷம். அன்றைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் மனசு கேட்காமல் போய், "இன்னிக்கு ஒரு நாள் வீட்ல இருக்கலாம்ல?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மையார் எனக்காக வெயிலில் வருகிறார். நான் வராவிட்டால் வருந்துவார்" என்றார்.

அன்று சாயங்காலமே மாமி என் வீட்டுக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "தெனம் இந்த வெயில்ல கூஜாவைத் தூக்கிண்டு போறதுக்கு என்னால முடியலேடி. ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தவும் பயமா இருக்கு. அவரோட வேண்டுதல் என்னிக்கு முடியறதுன்னு நைஸா கேட்டுச் சொல்லேன்."

இதில் நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபோது எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவர் தினமும் எல்லாரிடமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைகள் எங்கே?"

எங்கள் சந்தில் என் மகள் யாழினியையும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். லீவு நாள், மத்தியானம், ஃபேனுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். "தூங்குறாங்க" என்பேன் நான். "தூங்கறதுகள்" என்பாள் மாமி. "தூங்குதுங்க" என்பார் முருகேசன். வெயில்காரர் நம்ப முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி மாடிப்படியில் என்னைப் பிடித்து இங்கிலீஷில் மனம் விட்டுப் பேசினார். வந்து ஒரு மாதம் ஆகிறது, பிள்ளைகளுக்கு ஒரு சிநேகிதம்கூட அமையவில்லை. மாலை வேலைவிட்டு வந்ததும் லாரா ஓடிவந்து, "இன்னிக்கும் யாரும் வரலை" என்று சொல்கிறாளாம். ஸ்கூல் திறப்பதற்குள் இது மாறாவிட்டால் அப்பாவும் பிள்ளைகளும் ஊர் திரும்பிவிடுவது, மனைவி மட்டும் இங்கே தனியாக இருந்து வேலையை முடிப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். சொல்லும்போது அந்த அம்மாள் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளைகளை இரண்டு வருஷம் பிரிந்திருப்பது என்றால் லேசா?

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஏனென்றால் சிநேகிதம் அமையாததற்கு யார் காரணம் என்று எங்கள் சந்துக்கே தெரியும். எங்கள் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வாசலில் இறங்கும். அதற்குப் பிறகு எட்டரை மணி வரைக்கும் சந்து அதுகளுடையது. அதுகள் கத்துகிற கத்தலில் ராஜகோபுரத்துப் புறாக்கள்கூட இடம் மாறும். சரியாக ஏழு மணிக்கு மாடி பால்கனிக் கதவு திறக்கும். வெயில்காரர் எட்டிப் பார்த்து, வாயில் விரலை வைத்து, "உஷ்" என்பார். பிறகு கைகூப்புவார். கதவு மூடும்.

நாலு நாள் பார்த்தோம். அவருக்குப் பிள்ளைகள் சத்தமே ஆகாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு, "அவர் வீட்டு முன்னாடி வெளையாடாதீங்க, அடுத்த தெருவுக்குப் போங்க" என்று நாங்களே எல்லாரையும் விரட்டிவிட்டோம். பகலெல்லாம் குழந்தைகள் எங்கே என்று கேட்கிறவர், குழந்தைகள் வந்தால் விரட்டுகிறாரே, இது என்ன ரகம் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர்தான் காரணம் என்று ஒரு மனைவியிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. ஒரு நாள் யாழினிக்குத் தொப்பி போட்டுப் பன்னிரண்டு மணிக்குக் காலி மனைக்கு அனுப்பிப் பார்த்தேன். லாரா அவளைக் கண்டதும் தன் மண்வெட்டியை நீட்டினாளாம். என் மகள் அதை வாங்கிக்கொண்டு, "கால் சுடுதும்மா" என்று ஐந்தே நிமிஷத்தில் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். மண்வெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் அங்கே லாரா கையால் மண் தோண்டிக்கொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் முருகேசன் என்னைக் கூப்பிட்டார். முசிறியில் அவர் மச்சானுக்கு வாழை. அங்கிருந்து வந்த பூவன் சீப்பு ஒன்று கையில் இருந்தது.

"இதை மாடில குடுத்துருங்க. எனக்குப் போய்ச் சொல்லிக்கத் தெரியலை."

"என்ன சொல்லிக்க?"

"ஊருக்குப் போறாங்களாம்ங்க. பெட்டில வைக்கிற துணின்னு காலைல மூட்டையாக் கொண்டாந்து குடுத்தாரு. எல்லாம் அந்தச் சின்னதுங்க சட்டை. தேய்க்கவே மனசு வரலை, அப்படியே வெச்சிருக்கேன்."

மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, யாழினியையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். அப்போது மணி ஆறரை. வெளியே நல்ல வெளிச்சம். கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. ஜன்னலுக்கெல்லாம் தடித்த கறுப்புத் திரை. பிம் பைஜாமா போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து, கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரா திரையை ஒரு ஓரமாக ஒதுக்கி, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் அதே உயரத்தில் ஏகப்பட்ட மூக்குத் தடங்கள் இருந்தன.

"ஐயோ, பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நலமாக உள்ளனர். ஐந்து மணிக்கு உணவு. பிறகு குளியல், கதை. ஏழு மணிக்கு உறக்கம்" என்றார் வெயில்காரர்.

"ஏழு மணிக்கா?"

"எங்கள் நாட்டில் எல்லாக் குழந்தைகளும் ஏழு மணிக்கு உறங்குவர். கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே திரை." பிறகு அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மையீர், ஒரு ஐயம். இங்கே குழந்தைகளைப் பகல் முழுவதும் ஏன் உறங்க வைக்கிறீர்கள்? என் குழந்தைகள் உறங்கும் நேரத்தில் ஏன் வெளியே அனுப்புகிறீர்கள்? முன்பு அவர்கள் இங்கே விளையாடினர். இப்போது அதுவும் இல்லை. எங்களைப் பிடிக்கவில்லையா?"

அந்த மனிதர் ஒரு மாதமாகக் கொளுத்துகிற வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, எங்கள் பிள்ளைகள் எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் வருகிற நேரத்தில் திரையைப் போட்டுவிட்டார். நாங்களோ அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து வந்த பிள்ளைகளையும் துரத்திவிட்டோம்.

"எங்க ஊர்ல வெளிய வர்ற நேரமே இதுதாங்க" என்றேன். "பகல்ல வந்தா வெந்து போயிரும். இப்ப அனுப்புங்க, ஒம்போது பேரையும் நான் கூப்புடுறேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"முடியாது. ஏழு மணி என்றால் ஏழு மணி."

"இன்னிக்கு ஒரு நாள்..."

"இன்று ஏழு எட்டாகும். நாளை எட்டு ஒன்பதாகும். பிறகு விதி எங்கே?"

அவரை என்ன செய்வது? வெயிலில் வெந்து நீர்மோர் குடிக்கிற மனிதர், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மட்டும் கல்லாக நின்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. பெட்டி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதுவரை மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற யாழினி, "அங்கிள், உங்க ஊர்ல இப்ப மணி என்ன?" என்று கேட்டாள்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "மூன்று."

"மத்தியானம் மூணு மணிக்கு யாராச்சும் தூங்குவாங்களா?"

வெயில்காரர் எழுந்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கம் திருகி, முள்ளை மூன்று மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தி மறுபடியும் மாட்டினார். இரண்டடி பின்னால் தள்ளி நின்று சரிபார்த்தார். திரையை ஒரே இழுப்பில் விலக்கினார்.

"மணி மூன்று. அனைவரும் வெளியே செல்லவும்" என்றார்.

பிம் பைஜாமாவோடு படியில் உருளாத குறையாக ஓடினான். லாரா யாழினி கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அடுத்த தெருவிலிருந்து எங்கள் பட்டாளத்தை முருகேசன் விசில் அடித்து வரவழைத்தார். ஐஸ்பாய் ஆட்டம் தொடங்கியது. எண்ணத் தெரியாத பிம்மை எண்ணச் சொல்லி நிற்கவைத்தார்கள். அவன் தன் பாஷையில் எண்ணினான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வாசலில் மாமி வந்து நின்று பார்த்தாள். வெயில் தாழ்ந்த நேரத்தில், பிள்ளைகள் உடம்பில் வெள்ளை இல்லை. வெயில்காரர் வேப்பமரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்து பூவன் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டுதல் பூர்த்தியாயிடுத்துடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் மாமி. உள்ளே ஓடிப்போய்க் கூஜா நிறையப் பானகம் கொண்டுவந்தாள். மறுநாளிலிருந்து அவளும் வெயிலில் போகவில்லை, அவரும் வெயிலுக்கு வரவில்லை. இரண்டு பேர் முகத்திலும் தெரிந்த நிம்மதியை நான் மட்டும் கவனித்தேன்.

பெட்டிக்கென்று தேய்க்கக் கொடுத்த துணியை அவர் மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டார். "தேய்க்கலைங்க" என்று முருகேசன் இழுத்தார். "தேவையில்லை, அழுக்காகப் போகிறது" என்றார் வெயில்காரர்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஹாலந்து நேரம்தான். எங்கள் ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் ஐந்தரை. எதற்கு அழைத்தாலும், "உங்கள் மணியா, எங்கள் மணியா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். ஸ்கூல் திறந்ததும் புதுச் சிக்கல் வந்தது. காலையில் எழுந்து வேனுக்கு நிற்க வேண்டுமே! வெயில்காரர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, ஸ்கூல் நாட்களுக்கு மட்டும் கடிகாரத்தைத் துபாய் நேரத்துக்கு மாற்றினார். எங்கள் எட்டரை மணி அவருக்கு ஏழு. விதியும் உடையவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. ஜூனில் காவிரி லீவு முடிந்து வந்த அன்று, பதினொரு பிள்ளைகளையும் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். காலை ஆறு மணிக்கு. எங்கள் ஆறு.

இரண்டு வருஷம் முடிந்து அவர்கள் கிளம்பிய நாளில் சந்தே வாசலில் நின்றது. மாமி ஒரு டப்பா நிறைய மோர்மிளகாய் கட்டிக்கொடுத்தாள். லாராவும் யாழினியும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுகை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வெயில்காரர் அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஹாலந்து நேரத்தில் வைத்து என் கையில் கொடுத்தார்.

"மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். அன்று எங்கள் ஊரில் கோடைக்கால நேரம் தொடங்கும். அக்டோபர் கடைசியில் மறுபடி பின்னால்" என்று பாடம் எடுத்தார். படிக்கட்டு இறங்கியவர் திரும்பிப் பார்த்து, "மறந்துடாதீங்க" என்றார். புத்தகத் தமிழ் இல்லாமல் அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

மறக்கவில்லை. எங்கள் கூடத்தில் அது இன்னும் ஓடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் நேரம் தப்பு என்று சொல்கிறார்கள். என் கணவர்கூட அவசரத்தில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை ரயிலை விட்டிருக்கிறார். சரிசெய்ய நான் விட்டதில்லை.

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு ஏறி, முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவேன். யாழினி கீழே நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் வாசலில் அப்போதே தார் இளக ஆரம்பித்திருக்கும். அங்கே வெயில்காரர் கதவைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்து, வானத்தை அண்ணாந்து பார்ப்பார். திருச்சியில் பிறந்து வளர்ந்த நான், வெயில் அடிக்க வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொள்வது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.